சிறுகச் சிறுகவா, ஒரே அடியிலா?
தடித்த வால் பரவல்களும் ஒரு குடும்பத்தின் திவாலும்

1

கடனில் மூழ்கிப்போன குடும்பத்தைப் பற்றி நம்மிடம் எப்போதும் ஒரு கதையாடல் தயாராக இருக்கிறது. வரவுக்கு மிஞ்சிய செலவு, டீக்கடை, சினிமா, குடி, சீர்வரிசை. ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீர் மாதிரி சிறுகச் சிறுக ஒழுகிப் போச்சு என்பது அதன் சாரம். தறி முதலாளி இதைச் சொல்கிறார். வங்கி மேலாளர் சொல்கிறார். சுயஉதவிக் குழுப் பெண்களுக்கு 'நிதி ஒழுங்கு' பாடம் நடத்த வருகிறவர் படம் போட்டே சொல்கிறார். நம் தோழர்கள் இதன் ஒழுக்கவாதத்தை நிராகரித்தாலும் வடிவத்தை அப்படியே வைத்துக்கொள்கிறார்கள். குறைகூலி அன்றாடம் கொஞ்சம் கொஞ்சமாய் உறிஞ்சியதால் குடும்பம் விழுந்தது என்று குற்றவாளியை மட்டும் மாற்றுகிறார்கள். ஒழுகல் ஒழுகலாகவே இருக்கிறது.

பவானியில் ஜமக்காளத் தறிக்காரர்களிடமும், ஆற்றுக்கு அக்கரையில் குமாரபாளையம், பள்ளிபாளையம் விசைத்தறிக்காரர்களிடமும் கேட்டால் வேறொன்று வருகிறது. "நல்லாத்தானுங்க ஓடிக்கிட்டிருந்துச்சு. அந்த ஒரு ஆபரேசன்லதானுங்க எல்லாம் போச்சு." ஆபரேசன் இருக்கிற இடத்தில் சிலர் சொல்வது விபத்து, சிலர் சொல்வது வெள்ளம். வாக்கிய அமைப்பு மட்டும் மாறுவதில்லை: 'அந்த ஒரு'.

இதைக் கேட்கிற படித்தவர் மனசுக்குள் திருத்திக்கொள்கிறார். அது கடைசி அடிதான், ஏற்கெனவே உள்ளே செல்லரித்திருக்கும், பாவம் அவருக்குத் தெரியலை என்று. அதாவது மக்கள் சொல்வது அனுபவம், நாம் சொல்வது விளக்கம். இந்தப் படிநிலையைக் கேள்விக்குட்படுத்த நிகழ்தகவுக் கோட்பாட்டின் ஒரு சிறு பகுதி உதவுகிறது. இலக்கியப் பத்திரிகையில் கணிதமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். சராசரி, சதவீதம், வறுமைக்கோடு என்று நம்மை ஆளும் சொல்லாடல் முழுக்கவே கணிதத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது. எழுதப்பட்ட மொழியில் வாசிக்கக் கற்றுக்கொள்ளாமல் அதைக் கட்டுடைக்க முடியாது.

2

ஒரு குடும்பத்துக்கு ஒரு வருஷத்தில் வரும் எதிர்பாராத செலவை எடுத்துக்கொள்வோம். அது எவ்வளவு என்று முன்கூட்டித் தெரியாது. ஆனால் ஒவ்வொரு தொகையையும் தாண்டுவதற்கான வாய்ப்பு எவ்வளவு என்று கேட்கலாம். தொகை கூடக் கூட அதைத் தாண்டும் வாய்ப்பு குறைகிறது. இந்தக் குறைதலைத்தான் பரவலின் 'வால்' என்கிறார்கள். நம் அக்கறை ஒன்றுதான்: வால் எவ்வளவு வேகமாக மெலிகிறது?

நானே போட்ட கணக்கு இரண்டு. புள்ளிவிவரம் அல்ல, விளக்கத்துக்கு மட்டும்.

முதல் ஊர். இங்கே சராசரிச் செலவு 2,000 ரூபாய். வால் அடுக்குக்குறிப்படி மெலிகிறது. எந்த இடத்தில் நின்றாலும், மேலும் ஒரே அளவு தூரம் போக வாய்ப்பு ஒரே விகிதத்தில் வெட்டுப்படும் என்பதே இதன் பொருள். 10,000 ரூபாயைத் தாண்ட 148-இல் 1 வாய்ப்பு.

இரண்டாம் ஊர். இங்கும் சராசரி அதே 2,000 ரூபாய். குறைந்தபட்சம் ஆயிரம். ஆனால் வால் இருமடி விதிப்படி மெலிகிறது. 10 ஆயிரத்தைத் தாண்ட 100-இல் 1, 100 ஆயிரத்தைத் தாண்ட 10,000-இல் 1.

10,000 ரூபாய் வரைக்கும் பார்த்தால் இரண்டு ஊருக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. சர்வே எடுக்கப் போனவர் இரண்டுக்கும் ஒரே அறிக்கை எழுதிவிட்டு வந்துவிடலாம். ஒரு லட்சத்துக்குப் போனால்? இரண்டாம் ஊரில் பத்தாயிரம் குடும்பத்தில் ஒன்றுக்கு அது நடக்கும். முதல் ஊரில் அதன் வாய்ப்பு, 5-க்குப் பின்னால் 21 பூஜ்யம் போட்ட எண்ணில் ஒன்று. மனித வரலாறு முழுக்க ஒரு தடவைகூட நடக்காது என்றே கொள்ளலாம். சராசரி ஒன்று. உலகம் வேறு.

இரண்டாம் ஊர் மாதிரியான பரவல்களின் ஒரு பெரிய குடும்பத்தை 'சப்எக்ஸ்பொனென்ஷியல்' என்கிறார்கள். அடுக்குக்குறியைவிட மெதுவாக மெலியும் வால் உடையவை என்பதால் இந்தப் பெயர். 'கீழ்-அடுக்குப் பரவல்' என்று தமிழில் சொல்லிப் பார்க்கிறேன். இதைவிட நல்ல சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம். 1890-களில் வருமானப் பங்கீட்டை ஆராய்ந்த பரேட்டோவின் பெயரால் அமைந்த பரவல் இதில் அடக்கம். லாக்நார்மல் பரவலும் அப்படியே. இவ்வகையை 1964-இல் முதலில் வரையறுத்தவர் சிஸ்தியகோவ் என்ற சோவியத் கணிதவியலாளர். கிளைத்துப் பெருகும் நிகழ்வுகளைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோது அவருக்கு இது தேவைப்பட்டது. பிறகு 1970-களிலும் 80-களிலும் காப்பீட்டுக் கணிதக்காரர்கள் இதைக் கையிலெடுத்துக்கொண்டார்கள். பணம் போட்டவனுக்குத்தானே வாலைப் பற்றிப் பயம்.

3

வரையறையின் இதயம் ஒரே ஒரு கூற்று. ஒன்றையொன்று சாராத பல செலவுகளின் மொத்தம் மிகப் பெரிய தொகையைத் தாண்டுகிறது என்றால், அவற்றில் மிகப் பெரிய ஒன்று மட்டுமே அந்தத் தொகையைத் தாண்டியிருக்கும். தொகை எல்லையில்லாமல் கூடும்போது இந்த இரண்டு வாய்ப்புகளின் விகிதம் 1-ஐ நெருங்கிக்கொண்டே போகிறது. இதை 'ஒற்றைப் பெருந்தாவல்' கோட்பாடு என்கிறார்கள்.

மேலே சொன்ன ஊர்களிலேயே சோதித்துப் பார்ப்போம். இரண்டு செலவுகள் சேர்ந்து ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டன. எப்படித் தாண்டியிருக்கும்? ஆளுக்குப் பாதியாக ஐம்பது ஐம்பது ஆயிரமாகவா, அல்லது ஒன்றே லட்சத்தைத் தாண்டியா?

இரண்டாம் ஊரில் ஒரு செலவு 50 ஆயிரத்தைத் தாண்ட 2,500-இல் 1. இரண்டுமே தாண்ட 62,50,000-இல் 1. ஏதாவது ஒன்று தனியாக லட்சத்தைத் தாண்ட 10,000-இல் 2, அதாவது 5,000-இல் 1. இரண்டாவது வழி முதல் வழியைவிட 1,250 மடங்கு சாத்தியமானது. 'அந்த ஒரு ஆபரேசன்' என்று சொன்னவர் கணிதரீதியாகச் சரியாகவே சொல்லியிருக்கிறார்.

முதல் ஊரில் வேடிக்கை வேறு. அங்கே பாதிப் பாதியாக வரும் வாய்ப்பும் ஒன்றே முழுதாக வரும் வாய்ப்பும் சமம். மொத்தம் தெரிந்த பிறகு அது எப்படிப் பிரிந்திருக்கும் என்றால் எந்தப் பிரிவினையும் சமமே. ஆகவே அடுக்குக்குறிப் பரவல்தான் எல்லைக் கோடு. அதைவிட மெலிந்த வால் என்றால், உதாரணமாக மனிதர்களின் உயரம், இருவரின் கூட்டுத்தொகை அசாதாரணமாக இருக்கும்போது இருவருமே கொஞ்சம் நெட்டை என்று கொள்ளணும். இருவரின் நிலம் சேர்த்து ஆயிரம் ஏக்கர் என்றால் ஆளுக்கு ஐந்நூறு என்று கொங்கு நாட்டில் ஒருத்தரும் நினைக்க மாட்டார்கள். உயரம் ஒரு உலகம், சொத்து ஒரு உலகம்.

4

மெலிந்த வால் உலகத்தின் அபூர்வங்களை முழுமையாக ஆராய்ந்தவர் ஒரு தமிழர் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 1940-இல் சென்னையில் பிறந்து, மாநிலக் கல்லூரியிலும் கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திலும் படித்து, 1963 முதல் நியூயார்க் கூரண்ட் நிறுவனத்தில் பணியாற்றிய எஸ்.ஆர்.எஸ். வரதன். 'பெரு விலகல்கள்' பற்றிய ஒருங்கிணைந்த கோட்பாட்டை உருவாக்கியதற்காகவே முதன்மையாக அவருக்கு 2007-இல் ஏபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்னோடி ஸ்வீடன்காரர் ஹரால்ட் கிராமர் 1938-இல் நிறுவிய தேற்றம்.

அந்தக் கோட்பாட்டின் உள்ளுணர்வை இப்படிச் சொல்லலாம். நடக்கவே நடக்காது என்று தோன்றுவது நடந்தால், நடக்க முடியாத வழிகளிலேயே ஆகச் சுலபமான வழியில் நடக்கும். மெலிந்த வால் உலகில் அந்தச் சுலப வழி ஒரு கூட்டுச் சதி. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு செலவும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சாய்கிறது. யாரும் தனியாகக் குற்றவாளி இல்லை, எல்லோரும் கொஞ்சம். கீழ்-அடுக்கு உலகில் எல்லோரும் வழக்கம்போலவே இருக்கிறார்கள். ஒன்றே ஒன்று தாவுகிறது.

'ஒழுகல்' கதையாடலின் அறிதல்முறை எங்கிருந்து வருகிறது என்பது இப்போது பிடிபடுகிறது. அது பொய் அல்ல, மெலிந்த வால் உலகத்தின் உண்மை. மாதச் சம்பளம், வருங்கால வைப்பு நிதி, மருத்துவப்படி, அலுவலகக் காப்பீடு எல்லாம் உள்ளவரின் வாலை ஏற்கெனவே யாரோ வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அவர் வீட்டில் பணமுடை வந்தால் அது சிறுகச் சிறுக வந்ததாகவே இருக்கும். தன் வீட்டுக் கணக்கை அவர் பள்ளிபாளையத்துக்கு எடுத்துப் போய்ப் பாடம் நடத்துகிறார்.

5

இனி திவால் கோட்பாட்டுக்கு வருவோம். 1903-இல் ஃபிலிப் லுண்ட்பெர்க் என்ற ஸ்வீடன் ஆய்வாளர் காப்பீட்டு நிறுவனத்துக்காகத் தொடங்கி வைத்தது இது. கையில் ஒரு இருப்பு. நிதானமாக வரவு. அவ்வப்போது எதிர்பாராத செலவு. இருப்பு என்றாவது பூஜ்யத்துக்குக் கீழே போகும் வாய்ப்பு என்ன? நிறுவனம் என்ற இடத்தில் குடும்பம் என்று போட்டுப் படித்தாலும் சமன்பாடு மாறாது. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: சராசரியாக வரவு செலவைவிட அதிகம். அதாவது சிக்கனமான, ஒழுங்கான, குடிக்காத குடும்பத்தைப் பற்றித்தான் பேச்சு.

செலவின் வால் மெலிந்தது என்றால் இருப்பை இரட்டிப்பாக்கும்போது திவால் வாய்ப்பு ஏறத்தாழத் தன்னைத்தானே பெருக்கிக்கொண்டு சுருங்குகிறது. நூறில் ஒன்று என்பது பத்தாயிரத்தில் ஒன்றாகிவிடும். 'சிறுகக் கட்டிப் பெருக வாழ்' என்ற போதனைக்கு இங்கே கணித ஆதாரம் இருக்கிறது.

கீழ்-அடுக்குப் பரவல்களுக்கான விடையை 1982-இல் எம்ப்ரெக்ட்ஸும் வெராவர்பெக்கும் பொதுவாக நிறுவினார்கள். அதை நம் இரண்டாம் ஊருக்குப் பொருத்தினால், இருப்பை இரட்டிப்பாக்கினால் திவால் வாய்ப்பு பாதிதான் குறையும். நூறில் ஒன்று இருநூறில் ஒன்று ஆகும், அவ்வளவே. வயித்தைக் கட்டி வாயைக் கட்டி இருபது வருஷம் சேர்த்ததற்கு இதுதான் கூலி. சேமிப்பு வீண் என்று நான் சொல்லவில்லை. அது என்ன வாங்கித் தரும், என்ன வாங்கித் தராது என்று சொல்கிறேன்.

இன்னொரு முடிவு எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. 1996-இல் அஸ்முஸ்ஸனும் க்ளூப்பல்பெர்க்கும் திவாலான பாதைகள் எப்படி இருக்கும் என்று கேட்டார்கள். திவாலின் வாழ்க்கை வரலாறு என்று சொல்லலாம். மெலிந்த வால் என்றால் பாதை வெகுநாளாகவே கீழ்நோக்கிச் சரிந்து வந்திருக்கும். தடித்த வால் என்றால் முந்தின நாள் வரை பாதை வெகு சாதாரணமாக, மேல்நோக்கிக்கூட, போய்க்கொண்டிருக்கும். அப்புறம் ஒரே தாவல். பழைய கணக்கு நோட்டைப் புரட்டிக் காரணம் தேடினால் அதில் காரணம் இருக்காது. டீச் செலவும் வெத்தலைச் செலவும் இருக்கும். தேடுகிறவர் அதைப் பார்த்து, பாருங்க, இதனாலதான் என்பார். 'நல்லாத்தானுங்க ஓடிக்கிட்டிருந்துச்சு' என்ற வாக்கியம் சுயஏமாற்று அல்ல, ஒரு தேற்றத்தின் நாட்டார் வடிவம்.

இது வெறும் கணித விளையாட்டு இல்லை என்பதற்கு ஆய்வுகள் உண்டு. அனிருத் கிருஷ்ணா ராஜஸ்தான், குஜராத், ஆந்திரம் தொடங்கி கென்யா, உகாண்டா, பெரு வரை வறுமைக்குள் விழுந்த குடும்பங்களை விசாரித்து 2010-இல் 'ஒன் இல்னெஸ் அவே' என்ற நூலை வெளியிட்டார். விழுவதற்கான காரணங்களில் நோயும் மருத்துவச் செலவும் திரும்பத் திரும்ப முன்னணியில் நின்றன. தேசிய மாதிரி ஆய்வின் 75-வது சுற்று, 2017-18-இல், கிராமப்புறத்தில் ஒருமுறை மருத்துவமனையில் சேர்ந்தால் சராசரிச் செலவு அரசு மருத்துவமனையில் 4,290 ரூபாய், தனியாரில் 27,347 ரூபாய் என்றது. இவையும் சராசரிகளே. குடும்பங்கள் விழுவது சராசரியில் அல்ல, வாலில்.

கையிருப்பு தீர்ந்தபின் எதை விற்பது? 2025 ஜூலையில் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்களிடம் தரகர்கள் சிறுநீரகம் வாங்கிய புகார்கள் வெளிவந்தன. அரசு குழு அமைத்து விசாரித்தது. இந்த வட்டாரத்தில் இந்தப் பேச்சு புதிதும் அல்ல. திவால் கோட்பாட்டில் 'இருப்பு' என்று ஒரு எழுத்தால் குறிக்கிறார்களே, அது இங்கே முதுகுக்குப் பின்னால் இரண்டாக இருக்கிறது.

6

அப்படியானால் காப்பீடு? தமிழ்நாட்டில் 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது, 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. ஒரு லட்சமாக இருந்த வரம்பு 2018-இல் ஒன்றிய அரசுத் திட்டத்தோடு இணைக்கப்பட்டபோது ஐந்து லட்சமானது. இவற்றால் உயிர் பிழைத்தவர்கள் ஏராளம், மறுப்பதற்கில்லை. நான் பார்க்கச் சொல்வது 'உச்சவரம்பு' என்ற ஏற்பாட்டை.

மறுபடியும் இரண்டாம் ஊர். செலவு ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது என்று தெரிந்தால், அதற்கு மேல் இன்னும் சராசரியாக எவ்வளவு வரும்? ஒரு லட்சம். ஐந்து லட்சத்தைத் தாண்டிவிட்டால் இன்னும் ஐந்து லட்சம். மெலிந்த உலகில் இவ்வளவு தாண்டிட்டோம், இனி முடிஞ்சிரும் என்று சொல்லலாம். தடித்த உலகில் எவ்வளவு தாண்டினோமோ அவ்வளவு பாக்கி. வரம்பை ஒன்றிலிருந்து ஐந்து லட்சமாக்கினால் தாண்டுகிற குடும்பங்கள் 25-இல் 1 பங்காகக் குறையும். தாண்டியவர் ஒவ்வொருவரின் சுமையும் 5 மடங்காகும். மக்கள் தலையில் விழும் மொத்தச் சுமை 5-இல் 1 பங்காகும். எனவே வரம்பை உயர்த்துவது வீண் அல்ல. ஆனால் பங்கீட்டைக் கவனியுங்கள். பரவலின் உடல் நிறுவனத்துக்கு, வால் குடும்பத்துக்கு. தன் பொறுப்புக்கு எல்லை வைத்துக்கொள்ளும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. நிறுவனங்கள் தம் வாலை வெட்டிக்கொள்ள மறுகாப்பீடு என்று தனி ஏற்பாடே வைத்திருக்கின்றன. தறிக்காரருக்கு மறுகாப்பீடு தருபவர் கந்துவட்டிக்காரர், அல்லது முன்பணம் கொடுத்து ஆளையே கட்டிப்போடும் தறி உரிமையாளர்.

வரம்பில்லாத ஒரே ஏற்பாடு அரசு மருத்துவமனை. இத்தனை ரூபாய்க்கு மேல் வைத்தியம் கிடையாது என்று அங்கே பில் நிற்பதில்லை. எனவே அரசு மருத்துவமனையா, காப்பீட்டு அட்டையா என்ற விவாதம் நிர்வாகத் திறமை பற்றியது என்பதைவிட, வால் யார் தலையில் என்பது பற்றியதாகவே எனக்குத் தெரிகிறது.

7

இதுவரை 'ஒன்றையொன்று சாராத' என்ற சொல்லைக் கேள்வியின்றி விட்டுவைத்தேன். நூறு குடும்பங்கள் தங்கள் கையிருப்பை ஒன்றாகப் போட்டால், இரண்டாம் ஊரில் அந்தப் பொதுநிதி ஒரு வருஷத்தில் உடையும் வாய்ப்பு, தனிக் குடும்பம் விழும் வாய்ப்பில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான். தாவல் ஒரு வீட்டில் மட்டும் நிகழும், மற்ற தொண்ணூற்று ஒன்பதும் தாங்கும். மொய்யும் சங்க நிதியும் இந்தத் தர்க்கத்தில்தான் நிற்கின்றன. ஆனால் தாவல் எல்லா வீட்டிலும் ஒரே நாளில் நிகழ்ந்தால்?

2019 ஆகஸ்ட் 8-ஆம் தேதியை ஒட்டிய நாட்களில் நீலகிரி அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை பதிவாயிற்று. ஈரோடு மாவட்டம் ஒரு முழு வருஷத்தில் பெறும் சராசரி மழை சுமார் 700 மில்லிமீட்டர். ஒரு நாளின் மழை ஒரு வருஷத்தின் மழையை விழுங்குவதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை. அவலாஞ்சித் தண்ணீர் குந்தா வழியாகப் பவானியாற்றுக்கு வருவது. 1955-இல் முடிந்த பவானிசாகர் அதைப் பிடித்து வைப்பது. காவிரிப் பக்கம் 1934-இல் முடிந்த மேட்டூர்.

அணையும் ஒரு உச்சவரம்புதான். மேட்டூரின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. விநாடிக்கு 2 லட்சம் கனஅடி என்றால் நாளொன்றுக்கு 17 டி.எம்.சி.க்கு மேல், காலி அணையும் ஐந்தரை நாளில் நிரம்பிவிடும். நிரம்பிய பிறகு வருவதெல்லாம் அப்படியே கீழே. சின்ன வெள்ளங்களை அணை விழுங்கிவிடுகிறது. அதனால் கரையில் குடிசை போடத் தைரியம் வருகிறது, பட்டாவும் கிடைத்துவிடுகிறது. பெரிய வெள்ளம் மட்டும் வீட்டுக்கு வருகிறது. 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் மேட்டூரிலிருந்து 2 லட்சம் கனஅடி அளவில் தண்ணீர் வந்தபோது, பவானியில் கந்தன்பட்டறை, பாலக்கரை போன்ற கரையோரப் பகுதிகளின் மக்கள் முகாம்களுக்குப் போனார்கள். ஒரே தெருவுக்கு ஒரே இரவு. பக்கத்து வீட்டில் கைமாத்துக் கேட்க முடியாது, அங்கேயும் தண்ணீர். சுயஉதவிக் குழுவின் பத்துப் பேரும் அதே தெரு.

இதைத்தான் நிர்வாகம் 'இயற்கைச் சீற்றம்' என்கிறது. மழையின் வால் தடித்திருப்பது இயற்கை. அந்த வாலின் நுனியில் எந்தத் தெரு நிற்கிறது என்பது இயற்கை அல்ல.

8

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, மேலே சொன்ன தேற்றங்கள் எல்லாம் அணுகுநிலைத் தேற்றங்கள். தொகை எல்லையின்றிப் பெருகும்போது என்னாகும் என்றுதான் அவை சொல்கின்றன. நாம் வாழ்வது எல்லைக்குட்பட்ட தொகைகளில். லாக்நார்மல் போன்ற பரவல்களில் இந்த அணுகுதல் மிக மெதுவாகவும் இருக்கலாம். இடைப்பட்ட பிரதேசத்தில் ஒழுகலும் தாவலும் கலந்தே இருக்கும். குறைகூலியால் இருப்பு அடியில் கிடக்கிற வீட்டுக்குச் சின்னத் தாவலே போதும். ஆகவே சுரண்டல் பற்றிய நம் பழைய ஆய்வு இதனால் ரத்தாகவில்லை. கூலி, இருப்பின் அளவைத் தீர்மானிக்கிறது. அடி எப்படி வருகிறது என்பதை வால் தீர்மானிக்கிறது.

இரண்டு, அளவு மாறிப் பண்பு மாறும் என்ற நம் பிரியமான இயங்கியல் விதிக்கு எதிராக இதை நிறுத்தி, சமூக மாற்றமும் ஒற்றைத் தாவலால்தான் வரும் என்று யாராவது கிளம்பக்கூடும். அது வேண்டாம். சாராத நிகழ்வுகளின் கூட்டுத்தொகை பற்றிய கணிதம் இது. மனிதர்கள் ஒருவரையொருவர் சார்ந்து செயல்படுவதுதான் அரசியல்.

செயல்படுகிறவர்களுக்கு ஒரு யோசனை மட்டும். அடுத்த முறை தறித்தெருக்களில் கணக்கெடுக்கப் போகும்போது, மாத வருமானம், மாதச் செலவு, கடன் என்ற வழக்கமான கட்டங்களோடு இரண்டு கேள்விகள் சேருங்கள். பத்து வருஷத்தில் வந்த ஆகப் பெரிய ஒற்றைச் செலவு எவ்வளவு, எதற்கு? பத்து வருஷத்தின் எதிர்பாராச் செலவு மொத்தத்தில் அது எத்தனை பங்கு? இந்தப் பங்கு பல வீடுகளில் பாதியைத் தாண்டினால், அந்தத் தெருவுக்குச் சிக்கனம் பற்றிப் பேசப் போகிறவரை வழியிலேயே நிறுத்தி, அரசு மருத்துவமனையில் இரவில் மருத்துவர் இருக்கிறாரா, கரையோரப் பட்டாவுக்கு மேட்டில் மாற்று நிலம் உண்டா என்று கேட்கலாம். கேட்பதற்கு நம் கையில் ஒரு எண் இருக்கும்.